ஆறாம் நம்பர்

முன்னூற்றுப் பன்னிரண்டு ஆட்டம்.
ஏழு கோல், அதில் இரண்டு சொந்த வலைக்குள்.
மஞ்சள் அட்டை எண்பத்தொன்று.
லொயிக் கெர்வெல் தன்னை இப்படித்தான்
அறிமுகம் செய்துகொண்டார்
ரேஸ்கோர்ஸ் மைதானத்தில், காலை ஆறு மணிக்கு.
பதினெட்டுப் பேர் வட்டமாக நிற்க
ஒவ்வோர் எண்ணாகத் தமிழில் எடுத்து வைத்தேன்.
சொந்த வலை என்றதும்
கோலி ஜெயினுலாபுதீன் சிரித்துவிட்டான்.
அவரும் சிரித்தார்.
அதற்கு நான் தேவைப்படவில்லை.

காரைக்காலில் பிறந்து
வில்லாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள்.
பத்தாம் வகுப்புக்குப் பிரெஞ்சு எடுக்கிறேன்.
வினைச்சொற்களின் அத்தனை காலமும் தெரியும்,
ஆஃப்சைடு தெரியாது.
காலைக்கு அறுநூறு என்றார் கிளப் செயலாளர்,
ஆட்டோ தனி.

அவர் ஆடிய இடத்துக்கு
அவர் மொழியில் ஒரு பெயர்.
பாராக்காரன் என்றேன். விழித்தார்கள்.
வாட்ச்மேன் என்றேன்.
"ஏடிஎம் வாசல்ல தூங்குவாரே, அவரா டீச்சர்?"
மேலூர் ஆண்டிச்சாமி
ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னான்:
"மடைக்காரன்.
கண்மாய்க்குள்ள முங்கி
எவ்வளவு தொறக்கணும்னு முடிவு பண்றவன்.
தண்ணி வந்துச்சான்னுதான் எல்லாரும் கேப்பாங்க.
முங்குனவன் ஏறி வந்தானான்னு
எவன் கேட்டான்?"

இதைப் பிரெஞ்சில் கொண்டுசேர்க்க
எனக்கு நாலு நிமிஷம் பிடித்தது.
கெர்வெல் பதில் சொல்லவில்லை.
மறுநாள் ஆறாம் நம்பர் சட்டை
ஆண்டிச்சாமியின் பையில் இருந்தது.

வலது முழங்காலில் மூன்று தழும்பு அவருக்கு.
ஒன்றைப் பற்றி மட்டும் சொன்னார்,
பருத்திப்பால் வண்டியோரம், இரண்டாவது டம்ளரில்.
மழை விடாத ஒரு துறைமுக ஊர்.
எதிரணியின் பெரிய ஆட்டக்காரன் ஒருவனுக்கு
தொண்ணூறு நிமிஷமும் பந்து போகாமல்
வழியில் நின்றிருக்கிறார். நின்றது மட்டும்தான்.
மறுநாள் பத்திரிகை போட்ட மார்க் பத்துக்கு நாலு.
"என் வாழ்நாளின் சிறந்த ஆட்டம்" என்றார்.
பருத்திப்பால்காரர் என்னைப் பார்த்தார்.
"இனிப்புப் போதுமாம்" என்றேன்.

பதினோரு ஆட்டம் முடிந்தது.
எட்டு, பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.
இரண்டில் ஒற்றை கோலில் ஜெயித்தோம்.
ஒன்றில் அப்படியே தோற்றோம்.
மாட்டுத்தாவணி லாட்ஜின் முதல் மாடியில்
முதலாளி எங்களை உட்காரவைத்து
எட்டு நிமிஷம் பேசினார்.
கோலுக்குத்தான் காசு கொடுத்தாராம்,
முட்டை முட்டையாக வாங்கியிருக்கிறாராம்.
வெள்ளைக்காரனுக்குக் கறிவிருந்து வைத்த கணக்கு,
முழங்கால் செத்தவன் என்ற சொல்,
அதற்கு மேலும் சில, மதுரைக்கே உரியவை.

ஒவ்வொன்றும் என்னைத் தாண்டித்தான்
அவரிடம் போயாக வேண்டும்.

நான் சொன்னது:
நன்றி என்கிறார்.
வெயில் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்கிறார்.
டிக்கெட் போட்டுவிட்டார்கள்.

கெர்வெல் என் வாயைப் பார்க்கவில்லை.
மேசைக்கடியில் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டிருந்த
என் கையைப் பார்த்தார்.
பிறகு முதலாளியிடம் திரும்பி
துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர்கள்கூட
யோசித்துச் சொல்லும் ஒரு வாக்கியத்தை
மிகப் பணிவான குரலில் சொன்னார்.

"சாப்பாட்டை மறக்கவே மாட்டாராம்" என்றேன்.
முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது.
மாலை வாங்கிவர ஆள் அனுப்பினார்.

படியிறங்கும்போது
ஒரு படிக்கு ஒரு கால் வைத்து இறங்கியபடி
கெர்வெல் கேட்டார்:
"எத்தனை நிமிஷம் பேசினான்?"
எட்டு.
"எத்தனை உள்ளே வந்தது?"
நான் பதில் சொல்லவில்லை.

புதுக் கோச்சுக்குத் தமிழ் தெரியும்.
அறுநூறு ரூபாயும் ஆட்டோவும் நின்றுபோயின.
போன ஞாயிறு சும்மா போனேன்.
மூன்றுக்கு நாலு, தோற்றார்கள்.
முதலாளி எழுந்து நின்று கைதட்டினார்,
கூட்டம் சட்டையைக் கழற்றிச் சுழற்றியது.
பெஞ்சில் ஆண்டிச்சாமி.
மழையில்லாத ஊரில்
மழைக்கோட்டு மாதிரி ஒன்றைப் போர்த்திக்கொண்டு
நடுமைதானத்தில் யாருமே இல்லாத
ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நானும் அங்கேதான் பார்த்தேன்.
நடுவில் ஒருமுறை விசில் ஊதி
கொடியை உயர்த்தினார்கள்.
எதற்கென்று பக்கத்து ஆளிடம் கேட்டேன்.
"ஆஃப்சைடுக்கா" என்றார்.
இன்னும் புரியவில்லை.